ஆரணிப் பகுதியில் நீர்வளத் துறையின் பொறுப்புகள்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகராட்சி. பட்டு நெசவும் அரிசி ஆலைகளும் இவ்வூரின் இரு பெரும் தொழில்கள். ஜவ்வாது மலையில் தோன்றும் கமண்டல நதியும் நாகநதியும் சேர்ந்து ஆரணியைக் கடந்து செய்யாற்றில் கலக்கின்றன. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றை அடைகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஓடும் ஆரணியாற்றுக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. பாலாற்று நீர் குறித்து அண்டை மாநிலங்களுடன் உள்ள தகராறும் ஆரணியைத் தொடுவதில்லை. இங்கு வரும் நீர் தமிழ்நாட்டு மலையில் பெய்து தமிழ்நாட்டு நிலத்திலேயே ஓடுவது. ஆகவே அதைக் காக்கும் கடமையும் முழுக்கத் தமிழ்நாட்டு அலுவலகங்களையே சேர்ந்தது.

அவற்றுள் முதன்மையானது மாநில நீர்வளத் துறை. 1858இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்ட பொதுப்பணித் துறையின் பகுதியாக நெடுங்காலம் இருந்த நீர்ப் பணிகள், 2021இல் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டன. சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டலங்களாகத் துறை இயங்குகிறது. செயற்பொறியாளர் தலைமையில் கோட்டம், அதன் கீழ் உபகோட்டம், அதற்கும் கீழே பிரிவு என்பது அமைப்பு. மதகைத் திறந்து மூடுவதும் கரையைச் சுற்றிப் பார்ப்பதும் லஸ்கர் எனப்படும் களப்பணியாளரின் வேலை. இவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாத இடத்தில் மேலே எத்தனை பொறியாளர்கள் இருந்தும் பயனில்லை.

அணைகளைப் பொறுத்தவரை நீர்மட்டம் பதிவு செய்தல், பாசனத்துக்குத் திறத்தல், வெள்ளக் காலத்தில் மாவட்ட நிர்வாகம் வழியாகக் கரையோர ஊர்களை எச்சரித்தல் ஆகியவை துறையின் கடமைகள். ஆரணிக்கு மேலே, படவேட்டை அடுத்துக் கமண்டல நதியில் கட்டப்பட்ட செண்பகத்தோப்பு அணை 2007இல் முடிந்தது. உயரம் ஏறத்தாழ 62 அடி. கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. ஷட்டர்கள் சரியாக இயங்காததால் பல ஆண்டுகள் இதில் முழு அளவுக்கு நீர் தேக்க முடியவில்லை. பராமரிப்பு என்ற கடமை புதிய கட்டுமானத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

ஆயினும் ஆரணிச் சுற்றுப்புறத்தின் உயிர்நாடி ஏரிகளே. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவை. மாநிலத்தின் ஏறத்தாழ 40,000 ஏரிகளில் துறையின் வசம் உள்ளவை சுமார் 14,000. கணக்குக்கு வசதியான இந்தப் பிரிவு நீரின் போக்குக்கு ஒத்துவருவதில்லை. இப்பகுதியின் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் வரத்துக்கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். மேலே ஒன்றியத்தின் சிற்றேரி தூர்ந்து, கால்வாயில் வீடும் வேலியும் முளைத்திருந்தால், கீழே உள்ள துறையின் பெரிய ஏரிக்குக் கரையைப் பலப்படுத்தி மதகைப் புதுப்பித்தும் நீர் சேராது. ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் (2007) துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளைக் கருதியே இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்படியும் நிலத்தை அளந்து எல்லை காட்ட வருவாய்த் துறை வரவேண்டும்.

ஏரிப் பராமரிப்பில் ஊராருக்கு இருந்த பங்கே குடிமராமத்து. 1858ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாய உழைப்பாக்கியது. காலப்போக்கில் அது வழக்கொழிந்தது. 2017இல் பாசனதாரர் சங்கங்கள் பத்தில் ஒரு பங்கை ஏற்கும் திட்டமாக அப்பெயரில் மீண்டும் தொடங்கியது.

ஆற்று மணல் விஷயத்தில் துறையின் நிலை முரணானது. 2003இல் அரசு மணல் குவாரிகளைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கியபோது அப்பணி பொதுப்பணித் துறையிடம் சென்றது. ஆற்றைக் காக்க வேண்டிய அலுவலகமே அதன் மணலை விற்கும் அலுவலகமும் ஆயிற்று. செய்யாறு, பாலாறு போன்ற ஆறுகளில் ஆண்டில் பெரும்பகுதி மேற்பரப்பில் நீர் ஓடுவதில்லை, மணலுக்குள்தான் ஓடுகிறது. ஊற்றுக்கால்வாய்களும் கரையோரக் கிணறுகளும் அந்த மணலை நம்பியவை. ஆற்றைக் காப்பது, மணலை விற்பது என்ற இவ்விரு பொறுப்புகளும் ஒரே கையில் இருக்கக்கூடாது.

நெசவுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு சாயப்பட்டறையில் தெரியும். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்குவார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அந்த நீரோடு போய்விடும். பிறகு சாயத்தொட்டி, அதன்பின் பலமுறை அலசல். தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது, சாயம் திட்டுத்திட்டாக ஏறும். நல்ல நீர் உள்ளே வரவேண்டும், கழிவுநீர் வெளியே போகவேண்டும். இரண்டுக்கும் ஆள் வேறு. கழிவைக் கண்காணிப்பது 1982இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குடிநீர்த் திட்டங்களை வகுப்பது குடிநீர் வடிகால் வாரியம். வீடுகளுக்கு வழங்குவது நகராட்சி. கழிவு சேரும் ஆறோ பெரிய ஏரியோ நீர்வளத் துறையுடையது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும் அரிசி ஆலைகளின் நிலையும் இதுவே.

எல்லாவற்றிலும் பலவீனமானது நிலத்தடி நீர் குறித்த பொறுப்பு. ஏரிகள் பொய்த்த இடத்தில் நெல்லைக் காப்பாற்றுவது ஆழ்குழாய்க் கிணறு. 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். துறையின் கீழுள்ள நிலத்தடி நீர்ப் பிரிவு நீர்மட்டத்தை அளக்கிறது, நீரின் தரத்தைச் சோதிக்கிறது, தொழிற்சாலைகள் நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று தருகிறது. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் இயற்றிய சட்டமோ நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. அளக்கும் அதிகாரம் இருந்து கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாதது, நிலத்தடி நீரை நம்பி வாழும் இப்பகுதிக்குப் பெரும் குறை.

குடிமக்கள் குறை கூற மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டம் உண்டு. வருவாய், ஊரக வளர்ச்சி, நீர்வளம் ஆகிய துறைகளின் அலுவலர்கள் அங்கு ஒன்றாக அமர்வதால், சங்கிலி ஏரிகள் பற்றிய மனுவை மேல் ஏரி, கால்வாய், கீழ் ஏரி மூன்றையும் குறிப்பிட்டு ஒரே மனுவாகக் கொடுக்கலாம்.