கருத்தரிப்பின் தொடக்க அறிகுறிகள்

கருத்தரிப்பின் தொடக்க அறிகுறிகள் என்பவை கருவுற்ற முதல் வாரங்களில் பெண்ணின் உடலில் தோன்றும் மாற்றங்கள் ஆகும். மாதவிடாய் தள்ளிப்போதல் இவற்றுள் முதன்மையானது. குமட்டல், வாந்தி, களைப்பு, மார்பகங்களில் வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியன பிற அறிகுறிகள். இவை எல்லோருக்கும் ஒரே வகையில் தோன்றுவதில்லை.

உப்பளத் தொழிலாளர்களும் வெப்பமும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளில் வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்குக் களைப்பு, தலைசுற்றல், குமட்டல் ஆகியன வெப்பத்தாலும் ஏற்படும். எனவே இவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. மாதவிடாய் நாளைக் குறித்து வைத்தல் உதவும். தமிழகக் கர்ப்பிணிகள் 800 பேரைக் கொண்டு சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. உப்பளத் தொழிலாளர்களும் இதில் இடம்பெற்றனர்.

சோதனை

மாதவிடாய் தள்ளிப்போன பின், சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் உள்ளதா என்பதைச் சோதனை அட்டை மூலம் அறியலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் இதற்கு ஏற்றது. முடிவு இல்லை என வந்தும் மாதவிடாய் வராவிடில், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

அடுத்துச் செய்ய வேண்டியவை

கருத்தரிப்பு உறுதியானால் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தல் வேண்டும். அப்போது வழங்கப்படும் பிக்மி எண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்குத் தேவையானது. போலிக் அமில மாத்திரை, போதிய குடிநீர், நிழலில் ஓய்வு ஆகியன இன்றியமையாதவை. அடிவயிற்றில் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியன கருப்பைக்கு வெளியே கரு வளர்வதைக் குறிக்கக்கூடும். உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.