மின்னிதழ் உரிமப் பேரம் (ஓசூர் - கிருஷ்ணகிரி)

ஆய்விதழ்ப் பதிப்பகங்களோடு விலை பேசி உரிமம் வாங்கும் வேலையைக் கல்லூரி நூலகங்கள் பொது அமைப்பொன்றிடம் ஒப்படைக்கும் முறை. இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள்.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்றவற்றின் நூலகம் தனியாகப் பேசினால் பதிப்பகம் சொன்னதே விலை. விலையைவிட ஷரத்துகள்தாம் சிக்கல்: விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ மாணவர் படிக்கலாமா, சந்தா நின்றபின் பழைய இதழ்கள் திறக்குமா?

‘ஒரே நாடு ஒரே சந்தா’வின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. ஓசூர் சிப்காட் ஆலைகளை ஒட்டியுள்ள தனியார் பொறியியல் கல்லூரிகள் விடுபட்டிருப்பது பெருங்குறை.