சொற்பொருளும் இனமும் சார்பும்

ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லின்கண் தானே கிடக்கின்றதா, அன்றி உடன்வரும் பிற சொற்களான் அறியப்படுவதா என்னும் வினா இலக்கண நூலார்க்குப் புதியதன்று. இக்காலத்து அது கணினி வாயிலாக மீண்டும் எழுந்துளது. கோடிக்கணக்கான தொடர்களைக் கணினிக்குள் இட்டு, எச்சொல் எச்சொற்களோடு எத்துணை முறை அடுத்து வருகின்றதென்று எண்ணுவித்து, அவ்வெண்ணிக்கையினின்றே பொருளைப் பெற முயல்கின்றனர். ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசை ஒன்றாகின்றது. வரிசைகள் ஒத்திருப்பின் சொற்களும் பொருளால் நெருங்கியன என்று கொள்ளப்படும். இம்முறையைச் சைவ நன்மக்கள் ஆராய்தல் வேண்டும். இதன் கருத்து நம் நூல்களில் முன்னரே கூறப்பட்டது. இதன் குறைபாடும் நம் சாத்திரங்களையே முதற்கண் தாக்குவது.

இலக்கணக் கல்விக்கும் வடசென்னைக்கும் உள்ள தொடர்பு பழையது. இன்று ஆலைப்புகையும் துறைமுகச் சரக்குவண்டிகளின் ஓசையும் சூழ்ந்துள்ள திருவொற்றியூர்த் திருக்கோயிலில், வியாகரணதான வியாக்கியான மண்டபம் என ஒன்று இருந்ததைச் சோழர் காலத்துக் கல்வெட்டு அறிவிக்கின்றது. இறைவன் 14 நாள் பாணினி முனிவர்க்குக் காட்சி தந்து, அவர் நூலின் தலைப்பில் நிற்கும் 14 சூத்திரங்களை உபதேசித்தருளிய இடம் அதுவென்பது ஐதிகம். அச்சூத்திரங்கள் எழுத்தடைவே, பொருளைப்பற்றி ஒன்றும் கூறா. அம்மரபில் வந்த பர்த்திருகரியே, பலபொருட் சொல்லை ஒரு பொருளில் நிறுத்தும் ஏதுக்களாகச் சேர்க்கை, பிரிவு, உடனிருத்தல், பகை, இடம், காலம் முதலியவற்றை வாக்கியபதீயத்துள் எண்ணினார்.

தமிழில் தொல்காப்பியனார் கிளவியாக்கத்துள் இதனை இன்னும் சுருங்கக் கூறினார். பலபொருள் ஒருசொல் வேறுபடும் வினையானும் இனத்தானும் சார்பானும் தெளியப்படும் என்பது அவர் கருத்து. உரைகாரர் மா என்னுஞ் சொல்லைக் காட்டுவர். பூத்தது என்னும் வினை கொள்ளின் அது மரம். மருதோடு எண்ணப்படினும் மரமே. கவசம் பூண்டு நிற்பான் ஒருவன் மாக் கொணர்க என்பானாயின், அது குதிரை.

மேனாட்டில் இக்கருத்தை வலியுறுத்தியவருள் ஒருவர் பர்த் என்பார். இவர் 1919 முதல் 1928 வரை இலாகூர்ப் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். 1934இல் ஆர்டன் துரையின் தமிழிலக்கணப் பதிப்பிற்குத் தமிழ் ஒலிப்புமுறை பற்றிய இணைப்பு எழுதினவர். சொல்லை அதன் கூட்டாளிகளால் அறிக என்னும் கருத்தை அவர் 1957இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1954இல், அமெரிக்கராகிய ஹாரிஸ், வரும் இடங்கள் வேறுபடுமளவிற்குப் பொருளும் வேறுபடும் என்றார். அவர் மாணாக்கர் சாம்ஸ்கியோ, எத்துணை முறை வந்தது என்னும் எண்ணிக்கை இலக்கண அமைதிக்குக் கருவியாகாதென 1957இல் மறுத்தார். ஆசிரியர் வகுத்த வழியை மாணாக்கர் அடைத்தமையால் மொழிநூலாரிற் பெரும்பாலார் எண்ணிக்கையைக் கைவிட்டனர். அதனை வளர்த்தவர் கணினிநூலாரே. 2013இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட முறை, அண்டைச் சொற்களை ஊகிக்கப் பழக்குவது, உலகெங்கும் பரவிற்று. அம்முறையும் உள்ளீட்டில் பழைய எண்ணிக்கை அட்டவணையைப் பகுத்துச் சுருக்குவதே என்று லெவி, கோல்ட்பர்க் என்னும் இருவர் 2014இல் காட்டினர்.

2013ஆம் ஆண்டு முறை ஒரு சொல்லுக்கு ஒரே வரிசையை அளிப்பது. 2018க்குப் பின்னர் வந்தவை ஒவ்வொரு தொடரிலும் அச்சொல்லுக்கு வேறு வேறு வரிசை அளிப்பன. சொற்கள் தத்தம் பொருளை முன் உணர்த்திப் பின் இயையும் என்ற பாட்டர் கொள்கையை முன்னதும், இயைந்த பொருளையே சொல் உணர்த்தும் என்ற பிராபாகரர் கொள்கையைப் பின்னதும் ஒருவாறு ஒக்கும். தருக்கம் பயின்றார்க்கு இவ்வொப்புமை சுவை பயக்கும். முற்றும் ஒவ்வாதென்பதும் அவரே அறிவர்.

இனி, இடர்ப்பாடு யாதெனின், கணினி பெறுவது வினையும் இனமுமே. சார்பில் அது பெறுவது சொல்லாய் எழுதப்பட்ட பகுதி மட்டும். கவசம் என்பது அங்கே பேசப்பட்ட சொல்லன்று; கண்முன் நின்ற பொருள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் மீனவர் முறைவைத்து ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்குப் பாடு என்று பெயர். வலையைத் தோளிலிட்ட ஒருவர் நாளை எம் பாடு என்பாராயின், கேட்கும் உறவினர் முறை என்று உணர்வர். எழுத்தை மட்டும் கண்ட கணினி துன்பம் என்று கொள்ளல் கூடும். பர்த்தும் சொல்லிணைவோடு பேசும் நிலைமையைத் தனியே வைத்துக் கூறினார். எண்ணுவார் முன்னதை எடுத்துப் பின்னதை விட்டனர்.

இனத்தானே கொள்ளும் இடத்தும் வழு உண்டு. வெப்பம், தட்பம் போலும் மறுதலைச் சொற்கள் ஒரே கூட்டாளிகளோடு வருதலின் அவற்றின் வரிசைகளும் நெருங்கி நிற்கும். நம் சாத்திரத்துள் பதி, பசு, பாசம் என்பன பக்கந்தோறும் உடன்வருவன. எண்ணிப் பார்க்கும் கருவி இம்மூன்றையும் உறவினர் போல ஒருங்கு வைக்கும். அவற்றை வேறுபிரித்து உணர்த்துதற்கன்றோ சிவஞானபோதம் எழுந்தது! மற்றும், செய்தித்தாள் பயின்ற கணினிக்குப் பாசம் என்பது தாயன்பு. பசு பால் தருவது. மலம் மருத்துவர் சோதிப்பது. சாத்திரத்திற்கு விளக்கம் கேட்கும் இளைஞர் இத்தகைய விடையைப் பெற்று, ஆசான்பால் செல்லாதே அமைவராயின், வரும் கேடு சிறிதன்று.

பொருளுக்குப் பொருள் கூறப் புகின் அதற்கு எல்லையில்லை என்பது உரியியலிற் கண்டது. சொல்லைச் சொல்லாலேயே அளக்கும் கருவி இவ்வெல்லையின்மையுள் சுழல்வது. அதற்கு வெளியே நிற்கும் துணை நம்மிடம் உரைமரபாய் இருக்கின்றது. மெய்கண்ட சாத்திரம் 14ஐயும் கணினியிலேற்றுவோர் பசு, பாசம், மலம் முதலியவற்றை உலகவழக்கினின்று பிரித்துக் குறியிடுதல் வேண்டும். பாசத்தின், பாசத்தை, பாசமும் எனத் திரிந்தவற்றை ஒன்றாக்கிப் பதம் பிரித்தலும் வேண்டும். சந்தி தவறப் பிரிப்பின் எண்ணிக்கை முழுதும் பிழையாம். இப்பணியைக் கணினி பயின்றார் தனித்துச் செய்தல் இயலாது. சிவஞான முனிவரது மாபாடியத்தைப் பாடங்கேட்டார் ஒருவரேனும் உடனிருத்தல் வேண்டும். அத்தகையார் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.