ரேடியோ பொத்தான்

பல விருப்பங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கப் பயன்படும் திரை உறுப்பு. சிறு வட்டமாக இருக்கும். தேர்ந்தெடுத்தால் நடுவில் புள்ளி தோன்றும், அதே குழுவில் முன்பு தேர்ந்தது தானாக விலகும். பழைய கார் ரேடியோக்களில் நிலையம் மாற்றும் விசைகள் இப்படித்தான் இயங்கின. 1995இல் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 என்ற வலைப்பக்கத் தரத்திலேயே இது உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சேலத்தில் 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியே விற்பனையாகும் முதன்மைச் சரக்குகள் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும். இவ்விரண்டையும் தயாரிக்கும் ஆத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு, பைத்தான் மொழியின் டிகிண்டர் திரை நூலகம் கொண்டு மூட்டைப் பதிவுத் திரை எழுதுவதாகக் கொள்வோம். முதலில், சரத்தை வைத்திருக்கும் ஒரு ஸ்டிரிங்வார் மாறி. பிறகு ஜவ்வரிசிக்கு ஒன்று, ஸ்டார்ச்சுக்கு ஒன்று என இரண்டு ரேடியோபட்டன்கள். இரண்டுக்கும் ‘வேரியபிள்’ ஒன்றே, ‘வேல்யூ’ வெவ்வேறு. பொத்தான்களை ஒரே குழுவாகச் சேர்ப்பது இந்தப் பொது மாறிதான். வலைப்படிவத்தில் அந்த வேலையை ‘நேம்’ பண்பு செய்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஜவ்வரிசி, ஸ்டார்ச் இரண்டையும் ஒருசேரத் தேர்ந்துவிடலாம்.

தொடக்க மதிப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாறியை வெற்றாக விட்டால் டிகிண்டரின் அடிப்படைப் பொத்தான்கள் இரண்டுமே தேர்ந்தவை போலத் தெரியும். வெற்றுச் சரத்தை அது ‘முடிவாகாத நிலை’ என்று எடுத்துக்கொள்கிறது. எந்தப் பொத்தானுக்கும் இல்லாத ஒரு சொல்லைத் தொடக்க மதிப்பாக வைத்தால் இரண்டும் காலியாக நிற்கும். ஜவ்வரிசியை முன்கூட்டியே தேர்ந்து வைப்பது நல்லதல்ல: அவசரத்தில் ஸ்டார்ச் மூட்டையும் ஜவ்வரிசிக் கணக்கில் ஏறிவிடும்.

ஒருமுறை தேர்ந்ததை மீண்டும் அழுத்தி நீக்க முடியாது. விருப்பங்கள் ஏழெட்டைத் தாண்டினால், சேலம் மாவட்டத்தின் வருவாய் வட்டங்களைப் போல, கீழ்விரி பட்டியலே ஏற்றது.