ஆஸ்பத்திரியே நினைவுச் சின்னம்

போரில் மாண்டவர்களுக்கு ஊர் நடுவே கல்தூண் நட்டு, வருஷம் ஒருமுறை மலர்வளையம் வைப்பது பல நாடுகளின் வழக்கம். "கல்லு எதுக்கு? நாலு பேருக்கு உதவுற மாதிரி ஆஸ்பத்திரி கட்டுவோம்" என்று நினைத்த ஊர்களும் உண்டு.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் என்ற சிறு நகரம் அதில் ஒன்று. முதல் உலகப்போரில் (1914-18) வெளிநாட்டில் இறந்த வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. பெற்றவர்கள் விழுந்து அழ ஊரில் ஒரு கல்லறைகூட இல்லை. அந்தக் குறைக்கு ஆண்டோவர் கண்ட பதில், போர் நினைவு மருத்துவமனை. 1926-ல், பாலஸ்தீனப் போர்முனையில் படை நடத்திய ஃபீல்டு மார்ஷல் ஆலன்பி திறந்து வைத்தார். அவர் படையில் இந்தியச் சிப்பாய்களும் ஏராளம்.

இப்படிப்பட்ட சிற்றூர் ஆஸ்பத்திரிகள் அன்று நன்கொடையிலும் சந்தாவிலும்தான் ஓடின. 1948 ஜூலை 5-ல் தேசிய மருத்துவ சேவை பிறந்ததும் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சிக்கல் அங்கேதான். கல்தூணுக்குச் செலவில்லை, சும்மா நிற்கும். ஆஸ்பத்திரிக்குக் கணக்குப் பார்ப்பார்கள். சில ஊர்களில் மூடியே விட்டார்கள். கட்டடம் போனால் நினைவு எங்கே தங்கும்? ஆண்டோவரில் அந்தப் பெயரோடே மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

கல்லூரிக்கு ஏதாவது செய்யத் துடிக்கும் பழைய மாணவ நண்பர்களே, கட்டுவதோடு வேலை முடியாது. நடத்தவும் ஆள் வேண்டும். யாருக்காகக் கட்டினோம் என்று சொல்லவும் ஆள் வேண்டும். மாணவச் செல்வங்களே, அந்த ஆள் நீங்கள்தான்!