பிறர் சொல்லும் ஓர் அமானிதம்

"ஹஜ்ரத் இப்படித்தான் சொன்னார்" என்று பாதி வாக்கியத்தைப் பரப்பினால் குடும்பங்களே பிரியக்கூடும். பிறர் சொல்லை எடுத்துச் சொல்லும் ஒழுங்கை ஹதீஸ் கலையிலிருந்து கற்கலாம்.

1. வழியைச் சொல்லுங்கள். ஆசிரியர் சொல்லக் கேட்டதை 'ஹத்தஸனா' என்றும், ஆசிரியரிடம் வாசித்துக் காட்டியதை 'அக்பரனா' என்றும் இமாம் முஸ்லிம் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 261) பிரித்தே எழுதினார்கள். நீங்கள் நேரில் கேட்டதா, பிறர் வழியாக வந்ததா?

2. வாசகமா, கருத்தா? வாசகம் உறுதியில்லை என்றால் 'அவ் கமா கால' (அல்லது அவர்கள் கூறியது போல) என்று முடிப்பது முன்னோர் பேணிய வழக்கம்.

3. கலக்காதீர்கள். அறிவிப்பாளரின் சொந்தச் சொல் ஹதீஸோடு கலந்துவிட்டால் அது 'முத்ரஜ்'. உங்கள் விளக்கத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

4. வெட்டாதீர்கள். அல்மாஊன் அத்தியாயத்தை 4ஆம் வசனத்தோடு நிறுத்தினால் தொழுகையாளிகள் அனைவருக்கும் கேடு என்றாகிவிடும். எத்தகைய தொழுகையாளிகள் என்பதை அடுத்த வசனங்களே சொல்கின்றன.

5. மூலத்தின் தரத்தைச் சொல்லுங்கள். நம் செஞ்சியில் 1714இல் தேசிங்கு வீழ்ந்த போர் வரலாறு. அவருக்காக முஸ்லிம் நண்பர் மணக்கோலத்தை விட்டு வந்து உயிர்விட்டது கதைப்பாடலில் வருவது. "கதைப்பாடலில் உள்ளது" என்று சேர்த்துச் சொன்னால் அந்த நட்பின் அழகும் குறையாது, உண்மையும் குறையாது.

சொன்னவர் பக்கத்தில் நின்று கேட்டால், "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்பாரா? அதுவே அளவுகோல்.