விலங்கும் மனிதரும்

விலங்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. காட்டில் திரிவதும் விலங்கு. கைதியின் காலில் பூட்டுவதும் விலங்கு. மனம் நோயுற்ற மனிதருக்கு உலகம் இவ்விரண்டையுமே வழங்கிற்று. முதலில் அவரை விலங்கென்று கருதியது. கருதியபின் விலங்கு பூட்டியது. பூட்டியவர் யார் என்று கேட்டால், "பூசாரி" என்று ஒரே சொல்லில் விடை கூறி ஓய்ந்துவிடலாகாது, தோழர்களே! அரசும் பூட்டியது, மருத்துவமும் பூட்டியது, பெற்ற குடும்பமும் பூட்டியது. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். சித்தம் கலங்கினால் மட்டும்? அவிநாசியாயினும் தாராபுரமாயினும் கோபியாயினும், செவியில் விழும் முதற்பேச்சு, "காத்துக் கருப்பு அண்டிவிட்டது, எவனோ செய்வினை வைத்துவிட்டான்" என்பதுதான். கயிறு மந்திரித்துக் கட்டுவர், வேப்பிலை அடிப்பர், உடுக்கை முழங்கும். பணம் கரையும், மாதங்கள் கரையும், நோய் மட்டும் கரையாது. ஏன் இப்படி? கொங்குநாட்டுக் குடியானவனுக்கு அறிவில்லையா? கிணற்று நீரை மின்பொறியால் இறைக்கக் கற்றவன், நூற்பாலையில் நுண்ணிய இயந்திரங்களை ஓட்டக் கற்றவன், மனநோயை மட்டும் பேயென்று நம்புவானேன்? அவன் கண்ணெதிரே நெடுங்காலம் வேறு வழியே வைக்கப்படவில்லை. அதுதான் உண்மை.

1794ஆம் ஆண்டு. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலி என்பார் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். அதில் இருந்தோர் 16 பேர். கும்பினி வாடகை கொடுத்தது; மருத்துவர் பெற்றுக்கொண்டார். பின்னர் அது கைமாறி ஜேம்ஸ் டால்டன் என்னும் மருத்துவரிடம் வந்தது. அவர் பெரிதாக்கிக் கட்டவே, டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. நோய் ஒருவருக்கு, வருவாய் மற்றொருவருக்கு!

அதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததென்ன? பாரிஸ் நகரின் பிசேத்தர் மருத்துவமனைக்கு 1793இல் பிலிப் பினல் என்னும் மருத்துவர் பொறுப்பேற்றார். அவரே விலங்குகளை அகற்றினார் என்று ஓவியங்கள் காட்டும். உண்மை அதனினும் இனியது. அங்கே 1797இல் இரும்பு விலங்குகளை நீக்கியவர் ழான் பத்தீஸ்த் புசேன். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்துக் கட்டி நோய்க்குச் சிகிச்சை பெற அதே மருத்துவமனைக்கு வந்து, குணமாகி, அங்கேயே கண்காணிப்பாளரானவர். நோயாளிகளிடம் அன்பு காட்டினால் அடங்குகின்றனர் என்பதை நாள்தோறும் கண்டவர். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் விலங்கற்ற இல்லம் ஒன்றைத் திறந்த வில்லியம் டியூக்கோ தேயிலை வணிகர். ஆக, விலங்கை அறுக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்களுள் தொழிலாளி ஒருவர், வணிகர் ஒருவர். பட்டமில்லாத நம்மால் என்ன ஆகும் என்று தயங்கும் இளைஞர் இதை மனத்தில் இருத்துக!

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1858இல் வெள்ளையர் அரசு சித்தசுவாதீனமற்றோர் பற்றிய சட்டங்களை இயற்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்னும் பரந்த நிலத்தில் அரசு மனநோய்க் காப்பகம் 145 பேருடன் தொடங்கிற்று. வால்டேரிலும் கோழிக்கோட்டிலும் இரு காப்பகங்கள் எழுந்தன. பரந்து கிடந்த சென்னை மாகாணத்துக்கு இவை மூன்றே! போத்தனூர்ச் சந்திப்பில் நிற்கும் கோவைக் குடும்பத்துக்கு ஒரு திசையில் சென்னை, மறுதிசையில் கோழிக்கோடு. இரண்டும் தொலைவு, இரண்டும் மதில் சூழ்ந்தவை. 1912ஆம் ஆண்டுச் சட்டமோ நோயாளியை உள்ளே அனுப்பும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டின் ஆணையோடு பிணைத்தது. தெருவில் திரிந்தவரைப் பிடித்துச் செல்பவர் காவலர். நோயாளிக்கும் குற்றவாளிக்கும் வேற்றுமை என்ன கண்டார்கள் மக்கள்? 1922இல் காப்பகம் என்ற பெயர் மாறி மனநல மருத்துவமனை என்றாயிற்று. பெயர் மாறியது, மதில் மாறவில்லை.

1946இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. இந்தியா முழுமைக்கும் மனநோயாளருக்கான படுக்கைகள் பத்தாயிரத்துக்குச் சற்றே மேல். 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை. இங்கிலாந்திலோ ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று! இந்தப் பற்றாக்குறை போதாதென்று, 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது வால்டேர் அங்கே போயிற்று. 1956இல் மலபார் கேரளத்தோடு இணைந்தபோது கோழிக்கோடும் போயிற்று. தமிழகத்துக்கு எஞ்சிய அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றே. கோவையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர்! பக்கத்துத் தெருவில் உடுக்கை. ஓரிரவுப் பயணத்தில் மருத்துவர். ஏழை எதைத் தேர்வான்?

மருத்துவத்தின் கதையும் மாசற்றதன்று. 1933இல் இன்சுலின் ஏற்றி மயக்கமூட்டும் முறை வெளியாயிற்று. 1935இல் போர்ச்சுகலின் மோனிஸ் மூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எத்தனையோ மனிதர் அதனால் நடைப்பிணமாயினர். 1938இல் வந்த மின்னதிர்ச்சி முறை பல இடங்களில் தண்டனை போலவும் கையாளப்பட்டது. இன்று மயக்க மருந்தும் தசைதளர்த்தும் மருந்தும் தந்த பின்னரே, தேவையுள்ளவர்க்கு மட்டும் அதைச் செய்கின்றனர். அறிவியல் தவறியதுண்டு. ஆனால் தவறு என்று தன் வாயாலேயே சொல்லித் திருத்திக்கொண்டதும் அறிவியலே. மந்திரித்த கயிறு என்றைக்கேனும் தன் தோல்வியை ஒப்புக்கொண்டதுண்டா?

உண்மைத் திருப்பம் 1952இல் வந்தது. பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்து, கூச்சலும் குழப்பமுமாயிருந்த கூடங்களை அமைதிப்படுத்திற்று. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் மனநோயைத் தணிக்கும் என்று கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931இலேயே எழுதியிருந்தனர்; அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டதும் அதே 1952இல்தான். காட்டு வேரைக் கட்டுக்கதையோடு விட்டுவிடாது சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்ததே பகுத்தறிவு.

மருந்து வந்தால் மட்டும் மதில் விழுமா? அதற்கு மனிதர் வேண்டும். 1961இல் கீழ்ப்பாக்கத்தின் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1978 வரை அப்பொறுப்பில் இருந்து, புறநோயாளர் சிகிச்சையை வளர்த்தார்; நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளித்தார். 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு தோன்றக் காரணரானார். 2021இல் மறைந்தார்.

ஆயினும் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் நடந்ததை எப்படி மறப்பது? தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றிற்று. மனிதர் காலில் சங்கிலி! நெருப்பு ஓடி வந்தது. அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஏர்வாடி என்றவுடன் ஒரு மதத்தை மட்டும் சுட்டுவது நேர்மையன்று. குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கும் கேரளத்துச் சோட்டாணிக்கரைக்கும் இதே நம்பிக்கையோடு நோயாளிகளை அழைத்துச் செல்வோர் உண்டு. மதத்தைச் சாராத அரசின் சிறைகளிலும் குற்றமேதும் செய்யாத மனநோயாளர் அடைபட்டுக் கிடந்தனர்; அது சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் 1993இல்தான் கூறிற்று.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விதித்தது. கட்டாயமாகத் தலையை மழிக்கலாகாது; வேலை வாங்கினால் தக்க கூலி தரவேண்டும்; அரசு நிதியில் சிகிச்சை பெறுவது உரிமை. தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமையுண்டு. 1982இல் வகுத்த தேசிய மனநலத் திட்டம், 1996 முதல் மாவட்டந்தோறும் சிகிச்சையைக் கொண்டுசெல்ல முனைந்தது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இருந்தும், 2015-16இல் நடந்த தேசிய ஆய்வின்படி, மனநோயுற்றோரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையின்றியே இருந்தனர். சட்டம் ஏட்டில் ஏறியது, வீட்டில் ஏறவில்லை.

ஏற்றவேண்டியவர் யார்? நாம்தான். எதிராளியை "பைத்தியக்காரன்" என்று மேடையில் ஏசுவதும், கணக்குத் தெரியாத சிறுவனை வகுப்பில் அவ்வாறே அழைப்பதும் பகுத்தறிவாகா. நோயின் பெயர் வசவுச்சொல்லாக இருக்கும்வரை, நோயாளியின் தாய் அதை மறைக்கவே செய்வாள். மறைப்பவளுக்கு மருத்துவமனை வாயில் தெரியாது; உடுக்கைக்காரர் வீடுதான் தெரியும்.

2019 மக்களவைத் தேர்தலில், கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்திலேயே அமைந்த வாக்குச்சாவடியில் 150க்கு மேற்பட்ட நோயாளிகள் வரிசையில் நின்று வாக்களித்தனர். 16 பேரை அடைத்துத் தொடங்கிய வரலாறு, விரலில் மை வைக்கும் நாள்வரை வந்துவிட்டது. மிச்சத் தொலைவு நம் ஊரிலிருந்து கோவை வரைதான். உங்கள் தெருவில் உடுக்கை கேட்டால் கைகொட்டிச் சிரிக்க வேண்டா. அந்த வீட்டுத் தாயிடம் அன்போடு பேசுங்கள். மறுநாள் காலை அவளோடும் அவள் மகனோடும் கோவைப் பேருந்தில் ஏறுங்கள்.